முப்பத்தொன்றாம் தேதி, டீ இரண்டு

பாய்லர்காரரை அடையாளம் காட்டியது அவர் இடுப்புச் சாவிக்கொத்துதான்.

மீதியை நீராவி வேகவைத்திருந்தது...

பாய்லர் வெடித்தது ஜூன் இருபது. பத்தாம் தேதியே வால்வை மாற்றியிருக்க வேண்டும். அதை நினைவூட்ட வேண்டிய அலாரப் பெட்டி கரிக்கட்டையாகிக் கிடந்தது.

அலாரம் அடித்தது, குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்றது ஆலை நிர்வாகம். என் வீட்டுக்காரர் குடியைத் தொட்டதேயில்லை என்று ஸ்டேஷன் வாசலில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி.

உள்ளே, அலாரத்துக்கு ப்ரோக்ராம் எழுதியவன் பெண் இன்ஸ்பெக்டர் எதிரே நின்றான்.

"வால்வு தேதியை என்னைக்குப் போட்டே?"

"மே முப்பது, மேடம். மறுநாள் ஆலை லீவு. அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டேன்."

ப்ரோக்ராமின் நகலை ஓட்டிப் பார்த்தாயிற்று என்றாள் அவள்.

அது முதலில் அன்றைய தேதியை எடுக்கும். மாதத்தை மாற்றும். அப்புறம்தான் நாளை மாற்றும். முப்பதாம் தேதி போட்டால் ஜூன் முப்பது, பிறகு ஜூன் பத்து. சரியாக வரும்.

முப்பத்தொன்றில் போட்டால்...?

ஜூனில் முப்பத்தொன்று கிடையாது. ப்ரோக்ராமுக்குத் தேதிக் கணக்குப் போட்டுத் தரும் கேலண்டர் லைப்ரரி ஒரு வார்த்தை கேட்காமல் ஜூலை ஒன்றுக்குத் தாவிவிடும். அதில் நாளைப் பத்தாக்கினால், ஜூலை பத்து!

"முப்பதுன்னா அலாரம் அடிச்சிருக்கு. தப்பு செத்தவர் மேல. முப்பத்தொண்ணுன்னா அடிக்கல. தப்பு உன் மேல. எது?"



"முப்பது."

எண்ணெய்ப் பிசுக்கேறிய நோட்டை அவள் திறந்தாள். பாய்லர்காரரின் ஷிஃப்ட் நோட்டு. லீவானாலும் பாய்லரை அணைப்பதில்லை.

'மே 31. அழுத்தம் சரி. டீ இரண்டு. ஒன்று கம்ப்யூட்டர் தம்பிக்கு.'

"ஏம்ப்பா, அக்கா வீட்டுல டீ போட மாட்டாங்களா?"



"அக்கா கூப்பிடல மேடம்... ரூம்ல எவ்வளவு நேரம் சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கறது? ஆபீஸ்ல போய் உக்காந்தேன். சும்மா இருப்பானேன்னு தேதியைப் போட்டேன். பாய்லர் அண்ணன் மட்டும்தான் எட்டிப் பாத்தாரு. நான் வந்ததை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாரு."

"சொல்லல. எழுதி வச்சுட்டாரு."

வெளியே பாய்லர்காரர் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருந்த குரல் கேட்டது. தொண்டை கட்டியிருந்தது.

"முப்பத்தொண்ணுன்னு எழுதிக்குங்க மேடம். அண்ணி வீட்டுக்குப் போகட்டும்."

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். கான்ஸ்டபிள் லாக்கப்பைத் திறந்தார்.

"உள்ள நாலு பேரு இருக்கானுங்க. தொணதொணன்னு பேசியே கொல்லுவானுங்க. பொறுத்துக்க."

அவன் வாசலில் நின்றான்.

"லீவு நாள்லயும் பேசுவாங்களா, சார்?"