நல்லமுத்து, அஞ்சாம் நம்பர் லயம்

திங்கட்கிழமை மாலை லயத்து ஒற்றை அறையான அந்தக் காம்பராவில் இருந்தவர்கள் மூன்று பேர். அடுப்புப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கால்களை நீட்டி அம்மா, சண்முகவடிவு. கட்டிலில் போர்வைக்குள் தம்பி கிஷாந்த். வாசல் கதவுக்கு நேர் எதிரே பாயில், மடியில் எழுதும் கொப்பியோடு லோஜினி. கதவோரத்துப் பலகை ஸ்டூலில் யாரும் இல்லை. அது அப்பாவின் இடம். அப்பா செத்து அன்றைக்கு இரண்டாம் நாள்.

யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று லோஜினி இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். ஏனென்றால் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் யாரோ சப்பாத்தைப் படியில் தட்டினார்கள். மூன்று தட்டு. மண்ணும் அட்டைப்பூச்சியும் உதிர்வதற்காகத் தட்டுகிற தட்டு.

மழையாக இருக்கும் என்று நினைத்தாள். தகரக் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர் பேசினில் விழும் சத்தமும், காற்று வாழைக்கன்றைச் சுவரில் அடிக்கும் சத்தமும், கீழே அணைக்கட்டிலிருந்து பனி ஏறி வந்து எல்லாவற்றையும் பஞ்சால் சுற்றியது போல் ஆக்கிவிடுகிற அந்த மாலை ஆறு மணிப் பொழுதில், எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மஸ்கெலியா மலையில் பிறந்தவர்களுக்கே சொல்ல முடியாது. வரிசை வீடுகளாகக் கட்டிய அந்த லயத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டியிருந்தது. கதவில் சுகாதாரப் பரிசோதகர் ஒட்டிவிட்டுப் போன தனிமைப்படுத்தல் நோட்டீஸ். பதினான்கு நாளைக்கு யாரும் உள்ளே வரக் கூடாது, வெளியே போகக் கூடாது. அப்படியானால் வந்தது யார்?

அப்பா நல்லமுத்து தேயிலைத் தோட்டத்தின் தப்பால்காரர். முப்பத்தொரு வருஷம் மஸ்கெலியா தபால் கந்தோருக்கு நடந்து போய், தோள்பை நிறையக் கடிதங்களோடு நடந்து வந்தவர். லயத்துச் சனங்களுக்கு வீட்டு விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்தின் பேருக்கு வரும். தோட்டத்தில் சண்முகவடிவு என்று மூன்று பேர், கிஷாந்த் என்று ஐந்து பேர். அதனால் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாசலில் நின்று பேரையும் லய நம்பரையும் சத்தமாகப் படிப்பார். உள்ளேயிருந்து “நான்தான்” என்று பதில் வராமல் கடிதம் அவர் கையை விட்டுப் போகாது.

பயணத்தடை வந்ததும் தபால் நின்றது. லோஜினி கொழும்பில் துணிக்கடையில் இருந்தாள், கிஷாந்த் வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் முகம் காட்டுகிற இரண்டு பேரும் கடைசி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வந்த இரண்டாம் நாளே எல்லாம் எரிச்சல். ஆறு காம்பராவுக்கு ஒரே கக்கூஸ். போனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் மேலே கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையின் வளைவுக்கு ஏறிப் போய்க் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சாமான் லொறி வந்தால் முதல் பத்து வீட்டோடு பருப்பு முடிந்துவிடும். கொழுந்து பறிப்பது மட்டும் நிற்கவில்லை. மழையில் நனைந்த முகக்கவசம் மூக்கில் ஒட்டிக்கொள்ள, அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே மலைக்குப் போய் வந்தாள்.

ஆனால் மாலைகள் இருந்தன. கை சும்மா இருக்க முடியாத அப்பாதான் அதைத் தொடங்கினார். வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கு ஒருவர் கடிதம் எழுத வேண்டும், அவர் பையில் போட்டுக்கொண்டு போய் லயத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கொடுப்பார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல லோஜினி எழுதினாள். “அக்கா, நீ விடுற குறட்டையில எனக்கு கொழும்பு ரயில்ல போற மாதிரி இருக்கு” என்று கிஷாந்த் எழுதினான். அம்மாவின் பேர் படிக்கப்பட்டபோது அவள் முந்தானைக்குள் சிரித்துக்கொண்டு, “நான்தாங்க” என்றாள். அவள் வாழ்க்கையில் அவள் பேருக்கு வந்த முதல் கடிதம் அது.

ஒருநாள் லோஜினியின் பேர் படிக்கப்பட்டபோது அவள் வீட்டில் இல்லை.

“அக்கா கக்கூஸ் கியூவுல நிக்குது. என்கிட்ட குடுங்க” என்றான் கிஷாந்த்.

“முடியாது தம்பி. ஆள் இல்லேன்னா வீட்டுக்காரர் வாங்கலாம், இல்ல வீட்டுக்காரி வாங்கலாம். புள்ளைங்க கையில குடுக்கிறதில்ல. ரூல்ஸ்.”

“அக்காவுக்குத்தான் வீட்டுக்காரரே இல்லையே.”

“அதான் அது வர்ற வரைக்கும் நிக்கிறேன்.”

உண்மையாகவே தூறலில் நின்றார். லோஜினி வந்து “நான்தான்” என்று சொன்ன பிறகுதான் உள்ளே வந்து தலையைத் துவட்டினார். ஊரெல்லாம் மூச்சுத் திணறிச் சாகும்போது இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோமே என்று அன்று இரவு அவளுக்குப் பயமாக இருந்தது.

கடைசி மாலை அப்பாவே மூன்று பேருக்கும் எழுதினார். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, பையில் போட்டு, வாசலுக்குப் போனார். அங்கே இருமல் பிடித்துக்கொண்டது. படியில் உட்கார்ந்துவிட்டார். “நாளைக்குக் குடுக்கிறேன்” என்றார். காலையில் அம்புலன்ஸ் வந்தது. சாரமும் சட்டையும் அதே பைக்குள் திணித்துக்கொண்டார். கடிதங்கள் உள்ளேயே இருந்தன. அம்மா அதைக் காட்டியபோது, “வந்து குடுக்கிறேன் வடிவு” என்றார்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று சேதி சொன்னவர் சாவு வீட்டில் தப்பு மேளம் அடிக்கிற வீரய்யா. மூடிய பெட்டி. வேறு ஊரில் எரிப்பு. யாரும் போக முடியாது.

“தப்பு எடுக்க வேணாம்னுட்டாங்க வடிவு. கூட்டம் கூடிருமாம். இந்தத் தோட்டத்துல நான் அடிக்காம ஒரு சாவும் போனதில்ல” என்று சொல்லி, வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

இப்போது, திங்கட்கிழமை மாலை, படியில் சப்பாத்துத் தட்டிய சத்தம் நின்றது. நனைந்த கன்வஸ் பையின் வாடை கதவிடுக்கால் வந்தது. அதோடு ஆஸ்பத்திரி மருந்து வாடை. அதற்கும் அடியில், லோஜினி பேர் வைக்க விரும்பாத ஒரு புகை வாடை. பையின் கொக்கி கழன்றது.

“கிஷாந்த். அஞ்சாம் நம்பர் லயம்.”

கிஷாந்த் அரைத் தூக்கத்தில் இருந்தான். மூன்று வாரப் பழக்கம் அவன் வாயில் இருந்தது.

“நான்தான்” என்றான்.

லோஜினி எழுவதற்குள் அவன் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டான். பனி உள்ளே வந்தது. அவன் முதுகு மட்டும் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது கையில் நனைந்த ஒரு கடித உறை. பிரித்தான். எழுத்தெல்லாம் கரைந்து தாள் முழுக்க நீலமாக இருந்தது.

“அப்பா குடுத்ததுதான்” என்று சொல்லிக் கடிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

விடிந்தபோது அவனுக்குக் காய்ச்சல். மத்தியானம் அம்புலன்ஸ். ஒரே காம்பராவில் அப்பாவோடு இருந்தவன், வரக்கூடியதுதான் என்று வந்தவர்கள் சொன்னார்கள். லோஜினியும் அதைத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஏறும்போது கிஷாந்த் மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, முகத்த நான் பாக்கல. கைய மட்டுந்தான் பாத்தேன்.”

“என்னடா பாத்த?”

“பொலித்தீன் சுத்தியிருந்துச்சு.”

செவ்வாய் மாலை லோஜினி மூன்று மணிக்கே கதவைத் தாழிட்டாள். கதவிடுக்கில் சாக்கை அடைத்தாள். அடுப்பில் யூக்கலிப்டஸ் தழையைப் போட்டாள். ஆறு மணிக்குப் படியில் மூன்று தட்டு. எந்த வாடையை மறைக்க நினைத்தாளோ அது வந்தது.

“சண்முகவடிவு. அஞ்சாம் நம்பர் லயம்.”

அம்மா வாயைத் திறந்தாள். லோஜினி பாய்ந்து போய் அதைக் கையால் பொத்தினாள். இரண்டாம் முறையும் பேர் வந்தது. மூன்றாம் முறை. அதே பொறுமையான குரல். கோபம் இல்லை. அவசரம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு சப்பாத்துகள் படியிறங்கின. அம்மாவின் கண்ணீர் லோஜினியின் விரலிடுக்கில் வடிந்தது.

“விடுடி. எனக்கு ஒரு கடிதாசி வச்சிருக்காரு.”

“அப்பா செத்துட்டாரும்மா.”

“அது நமக்குத் தெரியும். அவருக்கு யாரு சொன்னா? தப்பு அடிச்சாங்களா? குளிப்பாட்டினோமா? வாய்க்கரிசி போட்டோமா? தூங்குன மனுசன பெட்டியில வச்சு மூடிட்டாங்க. கொண்டுபோன கடிதாசிய குடுக்காம அவரு என்னைக்கு வீட்டுக்கு வந்திருக்காரு?”

“தம்பிக்கு நடந்தத பாத்தீங்கல்ல? பதில் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

அம்மா நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா நான் பேச மாட்டேன். கிஷாந்த் மேல சத்தியம்” என்றாள்.

புதன்கிழமை காலையில் வீரய்யா வந்து கயிற்றுக்கு அப்பால் நின்றார். கிஷாந்துக்கு ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள் என்றார். அம்மாவின் கடிதமும் லோஜினியின் கடிதமும் இன்னும் அந்தப் பையில் இருக்கின்றன.

அப்பாவுக்குத் தெரியாது என்றால் தெரிவிக்க வேண்டும். அவரிடம் பேச அவளுக்குத் துணிவில்லை. எழுத முடியும். கடிதத்தில் அவர் பேர் இருந்தால் அவர்தான் அதைப் படிக்க வேண்டும், பதில் சொல்ல வேண்டிய ஆளும் அவர்தான், அப்போது அவரே பிரித்துப் பார்ப்பார், தெரிந்துகொள்வார், போய்விடுவார். லோஜினி இதை ஒன்றன்பின் ஒன்றாக யோசித்தாள். எங்கும் பிழை இருப்பதாகப் படவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபடி வலது பக்கம் விலாசம், அதன் கீழே திகதி.

“அன்புள்ள அப்பாவுக்கு லோஜினி எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்க வேண்டும், முடியவில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டீர்கள். மூடிய பெட்டியில் வைத்து எரித்துவிட்டார்கள். எங்களை வர விடவில்லை. தப்பு அடிக்காததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று அம்மா சொல்கிறார். ஆகையால் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். பையில் மீதியுள்ள இரண்டு கடிதங்களையும் தயவுசெய்து திருப்பிக் கொண்டு போங்கள். என்ன எழுதினீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். தம்பியை விட்டுவிடுங்கள். தூறலில் எனக்காக நின்றதை மறக்க மாட்டேன்.”

நாலாக மடித்தாள். உறையில் போட்டாள். சோற்றுப் பருக்கையை நசுக்கி விளிம்பெங்கும் தடவி ஒட்டினாள். மேலே எழுதினாள்: நல்லமுத்து, 5-ம் நம்பர் லயம்.

சாக்கை எடுத்துவிட்டுக் கதவிடுக்கில் கடிதத்தைத் தள்ளும்போது ஆறு மணி. பாதி வெளியே போனது. அவள் கையை எடுத்தாள். மீதிப் பாதி தானாகப் போனது.

படியில் தட்டவில்லை. மழை இல்லை. பேசினில் ஒரு சொட்டு.

“நல்லமுத்து. அஞ்சாம் நம்பர் லயம்.”



“நல்லமுத்து.” குரல் இப்போது கொஞ்சம் சிறியது. தெரிந்த பேர் போல இருக்கிறதே என்று யோசிப்பவரின் குரல்.

லோஜினி மனதுக்குள் சொன்னாள்: பிரியுங்கப்பா. பிரிச்சுப் படிங்க.

“நல்லமுத்து?”

யாரையோ தேடுகிற குரல். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சரசரப்பு. பிறகு, வழக்கமான பொறுமையோடு:

“ஆள் இல்லீங்களா? வீட்டுக்காரி இருக்காங்களா?”

லோஜினிக்கு அந்த ரூல்ஸ் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திரும்பினாள். அடுப்போரம் காலி. கதவோரத்துப் பலகை ஸ்டூலில் அம்மா இருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. தலை வாரியிருந்தாள். நெற்றியில் புதுப் பொட்டு.

“அம்மா. வேணாம்.”

“என் பேரச் சொல்லல பாரு” என்றாள் அம்மா. அவள் முகத்தில் வெட்கம் இருந்தது. கதவின் பக்கம் திரும்பி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இருக்கேங்க.”

கதவிடுக்கில் கடிதம் திரும்பி வந்தது. பாதி. நனைந்திருந்தது. ஒட்டு பிரியவில்லை. அம்மா குனிந்து அதன் முனையைப் பிடித்தாள். இழுத்தாள்.

அந்தப் பக்கமும் பிடித்திருந்தது. விடவில்லை.

அம்மாவும் விடவில்லை.