உதறு... உண்மை உதிரும்!

சட... சட... சடசடசட!

தகரத் தட்டில் ஆலங்கட்டி மழை பெய்தது போல் ஒரு சத்தம்.

நூலகர் பதறிப் பின்வாங்கினாள். அவள் கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு தடித்த, பழைய வரைபடப் புத்தகம்.

கீழே வைத்திருந்த தட்டில்... வெள்ளை வெள்ளையாய் மாத்திரைகள்!

நன்கொடையாக வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் உதறிப் பார்ப்பது இந்த நூலகத்தின் வழக்கம். பஸ் டிக்கெட் விழுந்திருக்கிறது. காதலியின் போட்டோ விழுந்திருக்கிறது. கரப்பான்பூச்சி குடும்பத்தோடு விழுந்திருக்கிறது.

மாத்திரை இதுதான் முதல் தடவை!

"கழிச்சுக் கட்டினதை எல்லாம் ஏம்மா உதறுறீங்க? உள்ளே பூஞ்சைன்னு காலையிலேயே சொன்னேனே!"

எரிந்து விழுந்தவர் மதிப்பீட்டாளர். வந்த புத்தகங்களுக்கு விலை போடுகிறவர். வேண்டாம் என்று ஒதுக்கியதைப் பழைய பேப்பராய் எடைக்கு வாங்கிப் போகிறவரும் அவரே.

"குப்பைக்குப் போனாலும் உதறிட்டுத்தான் சார் போகணும்."

அப்போதுதான் அவர் தட்டைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"அடப்பாவி... மகன்காரன் வேலை!"

நூலகருக்குத் திக்கென்றது. இந்தப் புத்தகங்களை நூலகத்துக்கு எழுதிவைத்த பெரியவர் சமீபத்தில்தான் மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தார். கூட இருந்து மருந்து கொடுத்தது ஒரே மகன்.

"மாத்திரையில ஏதோ கலந்திருக்கான். பெரியவர் மோப்பம் பிடிச்சு முழுங்காம ஒளிச்சு வச்சிருக்கார். அப்புறம் சோத்துல கலந்து முடிச்சுட்டான்! என்ன யோசனை? போலீசுக்குப் போனைப் போடுங்க!"

போட்டாள்.

அன்றைக்கே மகனை இழுத்துப் போனார்கள். தெருவே கூடி நின்றது. "பெத்த அப்பனுக்கே எமன்!" என்று எவனோ கத்தியது நூலக ஜன்னல் வரை கேட்டது.

அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

'என் ஒரு போனில் ஒருவன் தூக்குக்குப் போகப் போகிறான்... அவன் நிஜமாகவே செய்தானா?'

பரிசோதனை முடிவு வந்ததும் இன்ஸ்பெக்டர் நேராக நூலகத்துக்கே வந்தார். கையில் அந்த வரைபடப் புத்தகம். பின்னால்... மகன்!

ஒதுக்கிய புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்த மதிப்பீட்டாளர் நிமிர்ந்தார்.

"என்ன சார், இவனை வெளியே விட்டுட்டீங்க?"

"மாத்திரை அசல். டாக்டர் எழுதிக் குடுத்த அதே இதய மாத்திரை. உடம்புல விஷமும் இல்லை." இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மேசையில் வைத்தார். "முழுங்கியிருந்தா மனுஷன் பிழைச்சிருப்பார்!"

மகன் உடைந்தான்.

"என் கையாலதான் மேடம் குடுத்தேன்... வாயில போட்டுக்கிற மாதிரியே காட்டினாரே! என்னைப் போய்..."

நூலகரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கை தன்பாட்டில் புத்தகத்தைத் திறந்தது. மடித்து ஒட்டிய வரைபடங்களை ஒவ்வொன்றாய் விரித்தது.

பளிச்!

பூஞ்சை இல்லை. பொட்டு கறை இல்லை. கையால் வண்ணம் தீட்டிய படங்கள். பொக்கிஷம்!

"சார்... இதைப் பிரிச்சுப் பார்த்துத்தானே பூஞ்சைன்னு சொன்னீங்க?"

"பின்னே? ஒவ்வொரு மடிப்பா!"

"மாத்திரை எல்லாம் மடிப்புக்குள்ளேதான் இருந்துச்சு. ஒண்ணுகூட உங்க கண்ணுல படலையா?"

மதிப்பீட்டாளர் கயிற்றைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

"திறக்கவே இல்லை நீங்க! இதோட மதிப்பு உங்களுக்கு முன்னாடியே தெரியும். குப்பைன்னு ஒதுக்கினா எடைக்கு அள்ளிட்டுப் போயிடலாம்!"

மகன் விருட்டென்று நிமிர்ந்தான்.

"எல்லாம் உனக்குத்தான்டான்னு அப்பா சொல்லிட்டிருந்தார் மேடம். இவர் விலை பார்க்க வீட்டுக்கு வந்துட்டுப் போனார்... மறுநாளே நூலகத்துக்கு எழுதி வச்சுட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கல!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்தார்.

"யோவ்... புத்தகம் மகன் கைக்குப் போகக்கூடாதுன்னு பெரியவர்கிட்ட என்னய்யா ஓதினே? மாத்திரையைச் சாப்பிடாதேன்னா?"

"ஐயோ சார், சத்தியமா இல்லை!" மதிப்பீட்டாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "மகன் குடுக்கிறதைச் சாப்பிடாதீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்!"