ஊமைக்கிழான் பாடிய படம்

காலைக் காட்சிக்குப் போன முந்நூறு பேரும் முந்நூறு படம் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரே நிறைவு. ‘எப்படி இருந்தது?’ என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அவரவர் படம் அவரவருக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அந்தத் திருச்சித் திரையரங்கின் வாசலில் நின்றபடி நறுமுகை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அத்தனை பேரின் காதுக்குப் பின்னாலும் ஒட்டியிருந்த, புளியங்கொட்டை அளவே உள்ள ‘அகவிழி’ அவள் கண்டுபிடித்தது. திரையில் எந்தப் படம் ஓடினாலும் சரி, பார்ப்பவர் மனத்தில் ஏமாற்றம் லேசாகத் தலைகாட்டினால் போதும், அகவிழி அதைப் பிடித்துக்கொள்ளும். அவர் எதை ஆசைப்பட்டு வந்தாரோ அதையே அவர் கண்ணுக்கும் காதுக்கும் கொடுத்துவிடும். பதினைந்து வருடமாக ஊரில் மோசமான படம் என்று ஒன்று வரவேயில்லை.

இத்தனைக்கும் அது பிறந்ததே ஒரு மோசமான படத்தால்தான்.

அவளுடைய பள்ளி நாட்களை முழுசாக விழுங்கிய புத்தகம் ‘அலைகாவலர்’. ஆறு பாகம். தாரகி என்கிற படகுக்காரியும், தீவு அளவு பெரிய ஊமைக்கிழான் என்கிற ஆமையும் கடலைக் காக்கும் கதை. ஆறு பாகத்துக்கும் சேர்த்து அந்த ஆமை பேசுவது ஒரே ஒரு சொல், அதுவும் கடைசிப் பக்கத்தில். அந்தச் சொல்லுக்காக வாசகர்கள் பதினோரு வருடம் காத்திருந்தார்கள். பிறகு அது அனிமேஷன் படமாக வந்தது. பத்தாவது நிமிடமே ஊமைக்கிழான் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு குத்துப்பாட்டு பாடினான்.

அப்போது நறுமுகைக்குப் பதினெட்டு வயது. நம்ப முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒருவன் துள்ளி எழுந்து, “அடப்பாவிகளா! ஆமைக்குக் கூலிங் கிளாஸா!” என்று கத்தினான். அவன்தான் ஜெர்வின். படம் முடிந்ததும் இருவரும் எதிர் பேக்கரியில் போய் உட்கார்ந்து, கடை ஆள் வந்து முறைக்கும் வரை திட்டித் தீர்த்தார்கள். அவ்வளவு சந்தோஷமான ஒரு நாள் அவளுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதிலிருந்து வருடந்தோறும் அதே தேதியில் ‘திட்டு விழா’ நடந்தது. அந்தப் படத்தையே மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். ஆமைப் பாட்டு வரும்போது எல்லாரும் எழுந்து நின்று கத்த வேண்டும் என்பது விதி. ஒரு சமயம் நானூறு பேர் வந்தார்கள். அங்கே பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. அகவிழி வந்தபின் கூட்டம் கரைந்தது. “படம் நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் திட்டணும்?” என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தனியாக வாழும் நறுமுகைக்கு மட்டும் இந்த ஒரு நாளை நம்பித்தான் மற்ற நாட்கள் நகர்ந்தன.

திண்டுக்கல் பேருந்தில் வந்து இறங்கிய ஜெர்வின் கையில் பப்ஸ் பொட்டலம் இருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது.

“இந்த வருசம் நம்ம ரெண்டு பேருதானா நறு?”

“ரெண்டு பேரு போதும்டா. காதுல இருக்கறதக் கழட்டு.”

“கழட்டணுமா? குளிக்கறப்பகூட கழட்டுறதில்லடி.”

“கழட்டாம எப்படிடா திட்டுவ? போன வருசம் நீ வாயே திறக்கல. இந்தத் தடவை விடமாட்டேன்.”

அவன் அசட்டுச் சிரிப்புடன் அகவிழியைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். திரையரங்கின் சின்ன அரங்கை அவள் ஏற்பாடு செய்திருந்தாள். நூறு இருக்கைகளுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்தார்கள். படம் ஓடத் தொடங்கியது.

ஐந்தாவது நிமிடம் தாரகி வந்தாள். பொம்மை மூக்கு, வாயசைவுக்கு ஒட்டாத குரல். ஜெர்வின் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“எப்படி நறு இதெல்லாம் தாங்குனோம்?”

“தாங்கலடா. அதனாலதான திட்டுனோம்.”

அவன் சிரிக்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது. ஏமாற்றம் என்பதே பழக்கம் விட்டுப்போன மனசு. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளூரக் குதூகலமாகவும் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான், ஆமை வந்துவிடும், அவன் பழையபடி துள்ளி எழுவான்.

ஆமை வந்தது. தவில் முழங்கியது. நறுமுகை விதிப்படி எழுந்து நின்று, “அடப்பாவிகளா!” என்று கத்தினாள்.

அவள் குரல் மட்டும்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ஜெர்வினின் கை காதுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் முகம் இளகிக் கண்ணில் நீர் கோத்திருந்தது.

“பாரு நறு... ஒரு வார்த்தை பேசல. சும்மா தாரகியையே பாக்குறான். இவ்வளவு நல்ல படத்தையா நாம இத்தன வருசம் திட்டுனோம்?”

திரையில் ஊமைக்கிழான் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. யார் மேல் கோபப்படுவது? ‘ஒருவரும் ஏமாறக் கூடாது’ என்று தன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டவள் அவளேதான். நூறு இருக்கை உள்ள அரங்கில் தான் ஒருத்தி மட்டுமே இருப்பதுபோல அவளுக்கு அழுகை முட்டியது.

கைப்பையின் அடியில் அகவிழியின் முதல் மாதிரி கிடந்தது. ஆறு வருடமாக அவள் அதைத் தொடவில்லை. எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். போகட்டும், அவன் பார்க்கிற மாதிரி தானும் ஒரு நல்ல படத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

திரை மாறவில்லை. அதே கூலிங் கிளாஸ், அதே ஆட்டம். பழைய கருவி, கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக் கழற்றக் கையைத் தூக்கினாள்.

“அடப்பாவிகளா! ஆமைக்குக் கூலிங் கிளாஸா!”

பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது அந்தக் குரல். இருபது வயதுக் குரல். அவள் கை அப்படியே நின்றது. கருவி கெடவில்லை. அவள் எதை ஆசைப்பட்டு வந்தாளோ அதைச் சரியாகக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. திரும்பினால் யார் தெரிவான் என்றும், உண்மையில் அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்றும் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஒரு கணம் யோசித்தாள். பிறகு கையைக் கீழே போட்டாள்.

“அதுகூடப் பரவால்லடா. தாரகி மூக்கப் பாத்தியா?”

பக்கத்தில் வெடித்துச் சிரித்தான் அவன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் சொன்னது திண்டுக்கல்லிலிருந்து வந்த ஜெர்வினின் காதில் விழவேயில்லை. நல்ல படத்துக்கு நடுவில் யாராவது பேசினால், அதையும் அவனுடைய அகவிழி ஏமாற்றமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.