இடது காதில் ஒரு வெட்டு

கோய் ஸ்ட்ரிக்லண்ட் வந்தபோது வெர்னா டில்மன் பின்வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய சித்தி மகன் ஹாய்ட், தீவனக் கடையில் லாரி ஓட்டுபவன், உரித்ததில் பாதியை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். கோய் தொப்பியைக் கழற்றக்கூட மறந்து நின்றார். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை முன்னால் அப்படி நின்றால் வீட்டில் யாரோ செத்துப்போயிருக்க வேண்டும்.

"மிஸ் வெர்னா, படம் போச்சு! ஹார்லன் பீகாக் வீட்டுச் சமையலறையில மாட்டியிருந்ததே, நம்ம சார்ஜ் படம்!"

சார்ஜ் ஒரு புல்டாக். அந்தப் படம் எடுத்தது 1938இல். இப்போது நடப்பது 1981. இத்தனை வருஷம் கழித்து ஒரு நாய்ப் படத்துக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கிறவர்கள் ஜார்ஜியாவின் தென்கோடியில் வாழ்ந்தவர்களாக இருக்க முடியாது.

இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் காளையை மடக்கும் புல்டாக்கையும் கூடவே கொண்டுவந்தார்கள். அங்கே நாயைக் காளைமேல் ஏவுவதைச் சட்டம் தடுத்ததும், அந்த ஊர்க்காரர்கள் நாயின் மூக்கை நசுக்கிக் காலைக் குட்டையாக்கிக் கண்காட்சி மேடையில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் சதுப்புக்காட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. இங்கே பன்றிகள் காட்டில் அவிழ்த்துவிட்டபடி திரிந்தன. அவற்றைப் பிடிக்க உயரமான காலும் நல்ல மூச்சும் உள்ள நாய் வேண்டியிருந்தது. அப்புறம் வேலி வந்தது, நாய்கள் அருகிப்போயின. யுத்தத்துக்குப் பிறகு ஊர் ஊராக அலைந்து மிச்சமிருந்தவற்றைச் சேர்த்து இனத்தைக் காப்பாற்றியவர்களில் ஹார்லனும் ஒருவர். அவருடைய நாய்கள் அத்தனையும் சார்ஜின் வாரிசுகள். சனிக்கிழமை, கோய் தலைவராக இருக்கும் புல்டாக் சங்கம் கூடி, அந்த இனத்தின் வம்சப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்புவதாக இருந்தது. அட்டை முழுக்க அந்தப் படம்தான்.

"யார் மேல சந்தேகம்?" என்றார் வெர்னா.

"சந்தேகம் என்ன சந்தேகம்! வீட்டுச் சாவி ஓடெல் கெய்ன்ஸ்கிட்டதான் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டேன்."

ஓடெல் முப்பது வருஷமாக ஹார்லனின் நாய்களைப் பார்த்துக்கொள்கிறவர். கறுப்பினத்தவர். நாய்க்கூடத்தை ஒட்டிய இரண்டறை வீட்டில், நடமாட முடியாத மனைவி லோரீனோடு இருந்தார். வேறு போக்கிடம் கிடையாது.

"ஹார்லன் என்ன சொன்னார்?"

"வாயே திறக்கல."

"தடுக்கலையா?"

"தடுக்கல. ஏன் கேக்கறீங்க?"

வெர்னா பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கோய் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். சங்கத்து உறுப்பினர்களுக்கு முன்பு அனுப்பிய நகல், மை இழுகிய மங்கல் படம். ஹார்லனின் அப்பா தொப்பியும் சிரிப்புமாக நின்றார். சார்ஜ் ஒரு பெரிய ஆண்பன்றியின் வலது காதைக் கவ்வித் தொங்கியது. பன்றியின் இடது காது நம் பக்கம் திரும்பியிருந்தது. அது ஒரு கறுப்புத் தீற்றலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஹார்லன் வீட்டில் படச்சட்டம் சுவரிலேயே தொங்கியது, உள்ளே வெறும் அட்டையோடு. பின்பக்கத்து ஆணிகள் ஆறும் ஒரு சாஸரில் இருந்தன.

"பாத்தியாக்கா, எவ்வளவு நிதானமான திருடன்!" என்று கிசுகிசுத்தான் ஹாய்ட்.

"நிதானமா இருக்க யாரால முடியும்னு யோசி."

ஹார்லன் மேசையருகே காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரர், எழுபது போலத் தெரிந்தார்.

"படத்தைக் கொஞ்சம் சொல்லுங்க ஹார்லன். என்னென்ன இருந்துச்சு?"

"அப்பா. அவரோட சாம்பல் தொப்பி. பின்னால ஆத்தங்கரை. சார்ஜோட நெத்தியில வெள்ளைப் பட்டை."

"நாய் எந்தக் காதைக் கவ்வியிருந்துச்சு?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இடது காது."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இடதுதான். விடுங்களேன் மிஸ் வெர்னா. போனது போகட்டும்."

வெளியே ஓடெல் நாய்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசலில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன.

"நீங்க எடுக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே ஓடெல்?" என்றான் ஹாய்ட்.

"சொன்னேன். மிஸ்டர் கோய் காதுல விழல. மிஸ்டர் ஹார்லன் காதுல விழுந்துச்சு, அவர்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்." அவர் வாளியைக் கீழே வைத்தார். "லோரீனை எங்க கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறதுன்னுதான் தெரியல."

அங்கிருந்து வெர்னா நேரே நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனார். முப்பத்தொரு வருஷம் அவர் காதுக்குறிப் பதிவேட்டை வைத்திருந்த இடம் அது. பன்றிகள் காட்டில் கலந்து திரிந்த காலத்தில், ஒவ்வொரு குடும்பமும் தன் பன்றிக்கு ஒரு மாதிரி காது வெட்டும். எந்த வெட்டு யாருடையது என்று அங்கே பதிந்துவைப்பார்கள். வெர்னா தடித்த புத்தகத்தை எடுத்தார், ஒரே புரட்டில் வேண்டிய பக்கத்தைத் திறந்தார். பார்த்தார், மூடினார்.

"வெள்ளிக்கிழமை காலையில எல்லாரும் ஹார்லன் சமையலறைக்கு வரணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை வெர்னா, ஹாய்ட், கோய், ஹார்லன் நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஓடெல் மட்டும் கதவருகே நின்றார்.

"உட்காருங்க ஓடெல்" என்றார் வெர்னா. அவர் உட்காரவில்லை.

"திருடறவன் சட்டத்தோட தூக்கிட்டு ஓடுவான். இங்க ஆறு ஆணியையும் வளையாம பிடுங்கி சாஸர்ல போட்டிருக்கு. யாராவது வந்துடுவாங்கன்னு பயமில்லாத ஆள் செஞ்ச வேலை. தன் வீட்டிலேயே உட்கார்ந்து செஞ்ச வேலை."

"என்ன சொல்றீங்க!" என்று எழுந்தார் கோய்.

"உட்காருப்பா. ஹார்லன், நாய் வலது காதைத்தான் கவ்வியிருக்கு. நகல்லயே தெரியுது. பன்றி பிடிச்சு வளர்ந்த மனுஷன் நீங்க. தினம் காபி குடிக்கும்போது பாத்த படம். நாய் எந்தக் காதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வீங்க. இடதுன்னு பொய் சொல்லி அந்தக் காதை நாய் வாய்க்குள்ள ஒளிச்சு வெச்சீங்க. ஏன்னா அது வெளியில தெரியற காது. நகல்ல அது தீற்றல். அட்டையில பெரிசாப் போட்டா, நுனியில பிளவும் கீழே அரைவட்ட வெட்டும் பளிச்சுன்னு தெரியும். இந்த மாவட்டத்துல பழைய ஆள் எவன் பாத்தாலும் படிச்சுடுவான்."

"யாரோட குறி?" என்றான் ஹாய்ட்.

"எஸ்ரா கெய்ன்ஸோடது. ஓடெலோட அப்பா."

ஒரு நாய் வெளியே குரைத்து அடங்கியது.

"அடுத்தவன் குறி போட்ட பன்றிமேல தன் நாயை விட்டா அந்தக் காலத்துல ஜெயில். திருடற பயல் தொப்பி வெச்சுக்கிட்டுச் சிரிச்சபடி படத்துக்கு நிப்பானா? அதனால ரெண்டுல ஒண்ணு. உங்கப்பா பன்றித் திருடர். இல்லேன்னா பன்றியும் எஸ்ராவோடது, அதைப் பிடிச்ச நாயும் எஸ்ராவோடது. உங்கப்பா பக்கத்துல வந்து நின்னவர், அவ்வளவுதான்."

ஹார்லன் மேசை இழுப்பறையைத் திறந்தார். படம் உள்ளேயே இருந்தது. எரிக்க மனம் வரவில்லை போலும். பாவி மனுஷன் முகத்தை மூடிக்கொண்டார்.

"எஸ்ராவைப் புதைச்ச மறுநாள்" என்றார். "அப்பா என்னையும் கூட்டிட்டுப் போனார். எனக்குப் பன்னிரண்டு வயசு. 'விதவைக்கு எதுக்கு இந்த நாய்'னார். கயித்தை என் கையில குடுத்தார். அது வரமாட்டேன்னுச்சு. நான்தான் இழுத்தேன். ஓடெல் படியில நின்னு பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் அது எங்க தாத்தா கரோலினாவுலேருந்து கொண்டுவந்த நாய்களோட ரத்தம்னு நானே கதை கட்டினேன். கட்டக் கட்ட எல்லாரும் நம்பினாங்க. கோய் உன்னைச் சொன்னப்போ... ஐயோ, நான் வாயைத் திறந்திருக்கணும் ஓடெல். உன் பெட்டியை நீ கட்டறதை இந்த ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."

கோய் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அந்த வீடு இனி உன்னோடது" என்றார் ஹார்லன். "பத்திரம் எழுதித் தரேன்."

"எழுதுங்க. லோரீனுக்கு அது வேணும். ஆனா அதுக்கு முன்னால அந்த வம்சப் புத்தகத்துல எழுது, ஹார்லன்." முப்பது வருஷத்தில் ஓடெல் அவரை மிஸ்டர் போடாமல் கூப்பிட்டது அப்போதுதான். "முதல் வரியில. நாயை வளர்த்தவர் எஸ்ரா கெய்ன்ஸ். உன் கையாலயே."

ஹார்லன் எழுதினார். எழுத்து கோணியது, அடித்துவிட்டு மறுபடி எழுதினார். ஓடெல் குனிந்து அதைப் படித்தார். பிறகு வெர்னா பக்கம் திரும்பினார்.

"நீங்களும் சர்ச்சு முடிஞ்சு ஞாயிறு சாப்பாட்டுக்கு இந்த மேசைக்கு வருவீங்க மிஸ் வெர்னா. புத்தகமும் உங்க கையிலதான் இருந்துச்சு. அந்தக் காது உங்களுக்கு எப்போத்திலேருந்து தெரியும்?"

ஹாய்ட் தன் அக்காவைப் பார்த்தான். அவர் தெரியாது என்று சொல்வார் எனக் காத்திருந்தான்.

"ஐம்பத்திரண்டாம் வருஷத்துலேருந்து" என்றார் வெர்னா. "யாரும் கேக்கல. நானும் சொல்லல."

ஓடெல் தலையாட்டினார்.

"எங்கம்மா அறுபதாம் வருஷம்தான் செத்தாங்க" என்றார்.