நிமிர்ந்து உட்கார ஒரு வண்டி

"அந்த வண்டி உங்களுக்கு வேணாம் மேடம்."

குரல் பின்னாலிருந்து வந்தது. சிவப்பு பைக்கின் மேல் உட்கார்ந்திருந்த தனலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். கையில் கிரீஸ் துணியோடு ஒருவன்... வெளியே பெங்களூரின் அடுகோடித் தெரு முழுக்க மழைக்கு ஒதுங்க ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண்களில் மட்டும் அவசரமே இல்லை.

அவன் பெயர் ஜாய்சன். பழைய பைக்குகளைச் சரிசெய்து விற்கும் அந்தக் கடை அவனுடையது.

அவளுக்குச் சுருக்கென்றது. வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ் அவள். பிரேசர் டவுனிலிருந்து கிளம்பினால் ஒரு நாளைக்கு ஐந்து வீடு. ஆறு வருடமாக நோயாளிகளைத் தூக்கித் தூக்கி, முதுகில் ஒரு வலி குடியேறியிருந்தது. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தையும் அப்படியே முதுகுக்கு அனுப்பியது. அதனால்தான் பைக் பார்க்க வந்தாள். வலியைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம்.

"ஏன், பொண்ணுங்கன்னா ஸ்கூட்டர்தான் ஓட்டணுமா?"

"அதுக்கில்ல. இதுல ஹேண்டில் தாழ்வு, குனிஞ்சு ஓட்டணும். நீங்க ஏறும்போதே பல்லைக் கடிச்சீங்க. முதுகு வலிக்குதில்ல?"

முகத்தைப் பார்த்தே அடுத்தவர் வலியைக் கண்டுபிடிப்பவள் அவள். அவளையே ஒருவன் படித்துவிட்டானே... வலியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டு, மழையிலேயே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஓசூர் ரோட்டில் தண்ணீருக்கடியில் ஒரு பள்ளம்... கண்ணுக்குள் பொறி பறந்தது. வேறு வழியில்லாமல் டாக்டரிடம் போய் வந்தும் இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. படுத்துக் கிடந்தபோது நினைவுக்கு வந்ததெல்லாம் அந்த அவசரமில்லாத கண்கள்தான். என்ன மனுஷன் இவன்... கையில் காசோடு வந்தவளிடம் வேண்டாம் என்கிறானே.

அடுத்த சனிக்கிழமை காலையில் மறுபடி போய் நின்றாள். தான் நர்ஸ் என்று சொல்லி, வலி உண்டு என்று ஒப்புக்கொள்வதற்குள் ஒரு டீ முழுசாக ஆறிப்போனது. அவன் சிரிக்கவில்லை. வலி காலுக்கு இறங்குகிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம், நடுநடுவே இறங்கி நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

அவன் மூலையிலிருந்த தார்பாயை விலக்கினான். நீல நிறத்தில் ஒரு சாதுவான பைக். ஹேண்டிலை உயர்த்தி, இரண்டு விரற்கடை உடம்புப் பக்கமாக இழுத்து வைத்திருந்தான். சீட்டுக்குள் புது ஃபோம். பின்பக்க ஷாக் அப்சர்பரை அவள் எடைக்குக் குத்துமதிப்பாக இளக்கியிருந்தான். ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன... தோள் தானாகத் தளர்ந்தது. ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு இவ்வளவும் செய்தானா...

இதையே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அவன் விடவில்லை.

"பத்து நிமிஷத்துக்கு எல்லா சீட்டும் சொகமாத்தான் இருக்கும் சிஸ்டர். ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க, முதுகு உண்மைய சொல்லும்."

"சிஸ்டர் வேணாம். தனான்னு கூப்பிடுங்க."

ஆளுக்கொரு வண்டியில் ஊருக்கு வெளியே அத்திபெலே வரை போனார்கள். பள்ளம் வரும்போதெல்லாம் இடது கையை நீட்டிக் காட்டியபடி அவன் தன் வண்டியில் முன்னால் போனான். ரோட்டைப் பார்ப்பதா, அந்தக் கையைப் பார்ப்பதா என்று அவளுக்குத்தான் தடுமாற்றம்.

டீக்கடையில் இறங்கி நடந்து பார்த்தாள். வலி இருந்தது, ஆனால் பழைய வலியில் பாதிகூட இல்லை. கண் கலங்கிவிட்டது. இனி மறைக்கப் போவதில்லை, தூக்குவதற்குத் துணை ஆள் வேண்டும் என்று ஏஜென்சியில் கேட்கப் போவதாகச் சொன்னாள். அவன் அவளைப் பெருமையாகப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, நீல வண்டி செவ்வாய்க்கிழமையே தயாராகிவிட்டதாகவும், கேட்டு வந்த இரண்டு பேரிடம் ஏற்கெனவே விற்றாகிவிட்டது என்று பொய் சொல்லி அனுப்பியதாகவும் சொன்னான்.

"நான் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. வரணும்னு இருந்துச்சு."

தூறல் ஆரம்பித்தது. இருவரும் நகரவில்லை.

"சர்வீசுக்கு இனிமே எப்ப வரணும்?"

"மூணு மாசம் கழிச்சு வந்தா போதும்" என்றான், டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே.

"அவ்ளோ நாள் உங்கள பாக்காம என்னால இருக்க முடியாது, ஜாய்சன்."

வண்டியைப் பற்றி எது கேட்டாலும் பதில் வைத்திருந்தவன் டீ கிளாசைக் கீழே வைத்தான். காது மடல் சிவந்தது. அப்புறம், மழைச் சத்தத்தில் அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னான்...

"எனக்கு இந்த ஒரு வாரமே முடியல, தனா."