பிழையில்லாத கடிதம்

பள்ளி முற்றத்தில் ஆங்கிலேய ஆசிரியன் டெரெக் குப்புறக் கிடந்தான்.

நான்கு மாடி உயரத்திலிருந்து விழுந்த உடம்பு... மேலே ஒரு வெள்ளைத் துணி. காலை மணி எட்டு. ஓரான் நகரின் அந்த ஆங்கிலப் பள்ளிக்கு இன்று விடுமுறை.

ஆசிரியர் அறையில் இன்ஸ்பெக்டர் லக்தர் ஒரு தாளை நீட்டினார்.

"வெள்ளைக்காரன் மேஜையில இருந்துச்சு. டைப் அடிச்ச கடிதம். நான் படிச்சது ஃப்ரெஞ்ச். என்ன எழுதியிருக்கான், சொல்லுங்க டீச்சர்."

வஹீபா வாங்கினாள்.

அவளே எழுதிய கடிதம்.

டெரெக்கைத் தள்ள ஒரு நொடி போதுமாயிருந்தது. கடிதத்துக்குத்தான் மூன்று நாள்.

"கடல் என் ஜன்னல் வரைக்கும் வருது. நான்தான் எங்கயும் போய்ச் சேரலை. யாரையும் குறை சொல்லாதீங்க... அவ்ளோதான் சார். கீழே அவன் பேரு."

"தற்கொலை." லக்தர் பேனாவைத் திறந்தார். "ஃபைலை மூடிடலாம்."

ஒரு கையெழுத்து. அவர் போட்டுவிட்டால் அவள் வீட்டுக்குப் போகலாம்.

அவர் போடவில்லை. தாளையே பார்த்தார்.

"சாகப் போற நேரத்துல என்ன எழுத்து... அதான் தாய்மொழிங்கறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பாடம் எடுப்பான்?"

"பதினஞ்சு."

"நீங்க?"

"முப்பது. அவன் பேப்பரையும் நான்தான் திருத்துவேன்."

"சம்பளம்?"

"எனக்கு வர்றதைப் போல நாலு மடங்கு. கடலைப் பாத்த வீடு வேற. போன வாரம் தலைமை ஆசிரியர் வேலையும் அவனுக்குத்தான் குடுத்தாங்க. இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கறவங்களுக்கு மட்டுமாம்."

"குடுக்கலாம் டீச்சர். அந்தக் கடல் வரி மூலத்துல எப்படி இருக்கும்! நீங்க சொல்றப்ப கொஞ்சம் சத்து போயிடுது. தப்பா நினைக்காதீங்க."

வாயை மூடு, என்று வஹீபா தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"எவ்ளோ படிச்சாலும் நமக்கு வராது. ரத்தத்துல இருக்கணும்."

"அவனுக்குக் காற்புள்ளி எங்க வைக்கணும்னே தெரியாது."

குரல் தாழ்ந்துதான் வந்தது. ஆனால் நிற்கவில்லை.

"பசங்க ஏன் இப்படின்னு கேட்டா, எங்க ஊர்ல அப்படித்தான்பான். அப்புறம் எங்கிட்ட வருவாங்க. வரிக்கு ரெண்டு பிழை சார் அவனுக்கு. நாலு வருஷமா அவன் ரிப்போர்ட் அத்தனையும் நான் எழுதிக் குடுத்தது. இந்தத் தாள்ல ஒரே ஒரு பிழை காட்டுங்க. இப்படி ஒரு வாக்கியம் எழுத இந்தப் பள்ளியில..."

நிறுத்தினாள்.

"முடிங்க டீச்சர். இந்தப் பள்ளியில யாரு?"

வெளியே ஆம்புலன்ஸின் கதவு சாத்தப்பட்டது.

லக்தர் ஃபைலை மூடவில்லை. தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"பிழையே இல்லைங்கறீங்க. ஒண்ணு இருக்கே. கீழே பேரு தப்பா இருக்கு... திருத்திடுங்க."