இருவரும் கோட்டுக்குள்தான்

மேனேஜர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த ஓட்டுநருக்கு ஒரு தொல்லையும் இல்லை. மறுநாளே தன் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, ஒரு முன்னாள் தொழிற்சாலை ஆய்வாளரின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

ஆய்வாளர் பணி ஓய்வு பெற்ற பெண்மணி. இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர்கள், சாரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று யாராவது அவரைத் தேடி வந்தபடி இருப்பார்கள். அவரும் நேரில் போய்ப் பார்த்து, நடந்தது இதுதான் என்று எழுதிக் கொடுப்பார். குரலை உயர்த்திப் பேசியே பழக்கமில்லை. அவருக்கும் சேர்த்துக் குரலை உயர்த்த அவருடைய கொழுந்தனார் இருந்தார். கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைத்தவர். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணியின் பின்னால் கிளம்பிவிடுவார். ஐம்பது வயதாகியும் அண்ணிக்கு அவர் 'தம்பி'தான். கோபம் அவருக்கு மூக்கு நுனியில் நிரந்தரக் குடியிருப்பு.

ஓட்டுநர் வேலை பார்த்தது தண்ணீர்க் குழாய்களும் வால்வுகளும் சேமித்து வைக்கும் ஒரு கிடங்கில். வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கிடங்கு இரண்டு கூடங்கள். நடுவே ஒரு சுவர். சுவரில் வண்டிகள் போய்வர அகலமான திறப்பு, அதில் பிளாஸ்டிக் பட்டைகளாலான திரை. அதற்குச் சற்றுத் தள்ளி, ஆட்கள் நடந்து போக ஒரு சின்னக் கதவு. தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள் போட்டிருந்தார்கள். கோடுகளுக்கு நடுவே நடப்பவர்களுக்கான பாதை. வண்டி அதற்குள் வரக் கூடாது, நடப்பவர்கள் அதை விட்டு வெளியே போகக் கூடாது.

போன வாரம் அவர் சரக்கோடு திரையைத் தாண்டியபோது, அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பேக்கிங் தொழிலாளி மீது வண்டி மோதிவிட்டது. இடுப்பும் வலது காலும் நொறுங்கி அந்தப் பெண் மருத்துவமனையில் கிடந்தார். அறுவை முடிந்தும் நினைவு சரியாகத் திரும்பவில்லை. பாதையை விட்டு விலகி வண்டித் திறப்பில் நுழைந்தது அவருடைய தவறு என்று கம்பெனி முடிவு கட்டி, நினைவில்லாமல் கிடந்தவரை வேலையிலிருந்தும் நீக்கிவிட்டது. அதற்குச் சாட்சியாகத்தான் ஓட்டுநரின் கையெழுத்தைக் கேட்டார்கள்.

வேகமாக வந்தாரா, ஹாரன் அடித்தாரா என்று கொழுந்தனார் குடைந்தெடுத்தார். அடித்துவிட்டு நடை வேகத்தில்தான் வந்ததாகவும், வண்டியிலிருந்த பெட்டிகள் எதிரே மறைத்ததாகவும் ஓட்டுநர் சொன்னார். பிறகு கைகளைப் பிசைந்துகொண்டு ஆய்வாளரைப் பார்த்தார்.

"நான் என் வழியவிட்டு நகரலம்மா. அந்த அக்காவும் ஆம்புலன்ஸ்ல என் கையப் புடிச்சிக்கிட்டு, 'கோட்ட விட்டு எறங்கலப்பா, எறங்கலப்பா'ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தாங்க. ரெண்டு பேரும் கோட்டுக்குள்ளதான் இருந்தோம்னா, எப்படிம்மா மோதினோம்?"

திரைக்கு அந்தப் பக்கம் தரையில் கோடு எப்படி இருந்தது என்று ஆய்வாளர் கேட்டார். ரத்தத்தைப் பார்த்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை என்றார் அவர்.

ஆய்வாளர் அம்மா வந்து பார்த்துச் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஓட்டுநர் மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அரசு விசாரணை வருவதற்குள் அந்தக் கையெழுத்து வேண்டும் என்பதால் மேனேஜரும் தாராளமாக ஒப்புக்கொண்டிருந்தார். எங்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை என்றாராம்.

மறுநாள் காலை மூவரும் கிடங்குக்குப் போனார்கள். மேனேஜர் சட்டை மடிப்பு கலையாமல் வரவேற்றுத் தன் அறையில் உட்காரவைத்துப் பேசினார். அறையோடு சேர்ந்தே கழிப்பறை இருந்தது. கை கழுவிவிட்டு வந்த கொழுந்தனாருக்கு அங்கே மாட்டியிருந்த துண்டின் வெண்மைகூட எரிச்சலூட்டியது.

கிடங்கு திறந்த நாளில், இரண்டு வருடத்துக்கு முன் போட்ட கோடுகள் அவை, அதற்குப் பிறகு யாரும் தொட்டதில்லை என்று மேனேஜர் சொன்னார். பெண்கள் எல்லோரும் தினமும் அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான் போய்வருகிறார்கள். அவள் ஒருத்திதான் அவசரப்பட்டுவிட்டாள் என்று வருத்தமும் பட்டுக்கொண்டார். மற்றப் பெண்களிடம் பேச முடியுமா என்று ஆய்வாளர் கேட்டார். அவர்கள் ஒப்பந்த ஆட்கள், விபத்துக்கு மறுநாளே வேறு ஊர்க் கிளைக்கு அனுப்பியாகிவிட்டது, மன நிம்மதிக்காக என்று பதில் வந்தது. யாருடைய மன நிம்மதிக்கு என்று கேட்க வாயெடுத்த கொழுந்தனாரை அண்ணியின் ஒரு பார்வை அடக்கியது.

பேக்கிங் கூடம் ஆளில்லாமல் கிடந்தது. அட்டைப் பெட்டிகளும் ஒட்டுநாடாச் சுருள்களும் மேசைகளில் போட்டது போட்டபடி. மஞ்சள் பாதை மேசைகளின் ஓரமாகப் புறப்பட்டு, நூல் பிடித்தது போல் நேராகச் சின்னக் கதவில் போய் முடிந்தது. திரையின் அருகே பெட்டிகள் அடுக்கிய மரத்தட்டுகள் நெருக்கி நிறுத்தப்பட்டிருந்தன. இன்னொரு பக்கம் மேற்பார்வையாளரின் மேசை. பேக்கிங் மேசைகளுக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்தபடி அது போடப்பட்டிருந்தது.

கொழுந்தனார் தரையில் மண்டியிட்டுக் கோட்டை மோந்து பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். புது பெயிண்டாக இருந்தால் அங்கேயே மேனேஜரின் சட்டையைப் பிடிப்பது என்றுதான் வந்திருந்தார். ஆனால் கோட்டின் மேல் கருப்பாக டயர் தடங்கள், கதவின் நிலைவரை ஓடியிருந்தன. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் வேறு. எழுந்து வந்து அண்ணியின் காதில், கோடு பழசுதான் என்று தொங்கிய முகத்தோடு சொன்னார்.

மேற்பார்வையாளர் ஒல்லியான மனிதர். கேட்பதற்கு முன்பே வியர்த்துக்கொண்டிருந்தார். அன்று என்ன நடந்தது என்று ஆய்வாளர் கேட்டதும், மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல் ஆரம்பித்து, பாதியில் தன் சொந்த ஆதங்கத்துக்கு வந்துவிட்டார்.

"நான் மேசையிலதாங்க இருந்தேன். எத்தன தடவ சொல்லியிருப்பேன்! கோடு திரும்புற எடத்துல ஒரு நிமிஷம் நின்னு, வண்டி வருதான்னு பாத்துட்டுப் போங்கன்னு. காதுல வாங்கினாத்தானே."

ஆய்வாளர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சின்னக் கதவருகே போய்க் குனிந்து வெகுநேரம் தரையைப் பார்த்தார். எல்லோரையும் அங்கே வரச் சொன்னார்.

"தம்பி, கதவுக்கு முன்னாடி இந்தத் தரைய ஒரு படம் எடுத்துக்குங்க. கோடும் தெரியணும், இந்தக் கீறலும் தெரியணும்."

அப்போதுதான் கொழுந்தனார் கவனித்தார். கதவின் அடிமூலையிலிருந்து பிறைபோல் வளைந்து ஒரு பள்ளமான கீறல் சிமெண்டில் ஓடியிருந்தது. அது மஞ்சள் கோட்டைக் கடக்கும் இடத்தில் பள்ளத்துக்குள்ளும் மஞ்சள் நிறைந்திருந்தது. படம் எடுத்தார்.

"சார், இப்ப நீங்களே இந்தக் கதவத் தெறங்க," என்றார் ஆய்வாளர்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே கைப்பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். நிலையிலிருந்து பிய்த்துக்கொண்டு, அடிமூலை தரையைச் சுரண்ட, முனகியபடி கதவு திறந்தது. அது போன வழியெல்லாம் மஞ்சள் பெயிண்ட் சுருள் சுருளாக உரிந்து கிடந்தது.

"இன்னொரு படம், தம்பி," என்றார் ஆய்வாளர். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "இந்தக் கதவு கீல் தளர்ந்து தொங்கிப்போயிருக்கு சார். தெறக்கும்போதெல்லாம் தரையச் சுரண்டுது, சிமெண்டுல இருக்குற கீறல் அதுக்குச் சாட்சி. ஆனா அதுமேல இருந்த பெயிண்ட் இப்பத்தான், நீங்க தெறந்த பிறகுதான் உரியுது. கோடு ரெண்டு வருஷப் பழசுன்னா, ரெண்டு வருஷமா இந்தக் கதவ யாருமே தெறக்கல. இல்ல, தெனமும் தெறந்தாங்கன்னா, கோடு இப்பப் போட்டது. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. கோடு பழசுதான், மேலே உள்ள டயர் தடத்தைப் பாருங்கள் என்றார்.

"பாத்தேன். கதவு வரைக்கும் போயிருக்கு. ஒரு ஆள் மட்டும் நுழையற கதவுக்குள்ள வண்டி எதுக்கு சார் போகப்போகுது? கோட்டப் பழசாக்கணும்னு யாரோ மெனக்கெட்டு ஓட்டியிருக்காங்க."

கொழுந்தனாருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தத் தடத்தைத்தானே அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார்?

ஆய்வாளர் இப்போது மேற்பார்வையாளரைப் பார்த்தார். குரல் இன்னும் தணிந்திருந்தது. "கோடு திரும்புற எடத்துல நின்னு பாத்துப் போகச் சொன்னீங்கன்னு சொன்னீங்க. இந்தக் கோடு எங்கங்க திரும்புது?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மேற்பார்வையாளர் நேர்கோட்டைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், திரையருகே இருந்த மரத்தட்டுகளைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் பார்த்திருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது.

அந்தத் தட்டுகளை நகர்த்த வேண்டும் என்றார் ஆய்வாளர். அவை ஏற்றுமதிக்குத் தயாரான சரக்கு, தொடக் கூடாது என்றார் மேனேஜர். அதுவரை ஒதுங்கி நின்ற ஓட்டுநர் மூலையிலிருந்த கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நீ இப்போது வேலையில் இல்லை, ஞாபகம் இருக்கட்டும் என்று மேனேஜர் அதட்டினார்.

"அதான் சார், வேலை இல்லாம சும்மாதான நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் கைவண்டியின் கரங்களை முதல் தட்டுக்கு அடியில் செலுத்தினார்.

ஒவ்வொரு தட்டாக நகர்ந்தது. அடியில் சிமெண்ட் வெளுத்திருந்தது. சுற்றியுள்ள தரையெல்லாம் கறுத்துக் கிடக்க, புதிதாகச் சுரண்டித் தேய்த்த இரண்டு வெள்ளைப் பட்டைகள் மஞ்சள் பாதையிலிருந்து பிரிந்து, வளைந்து, பிளாஸ்டிக் திரைக்கு அடியில் நேராகப் போய் நுழைந்தன. சிமெண்டின் நுண்ணிய வெடிப்புகளில் மஞ்சள் துணுக்குகள் மிச்சமிருந்தன. கம்பெனி போட்ட கோடே அந்தப் பெண்ணைக் கைப்பிடித்து வண்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. அவர் கோட்டை விட்டு இறங்கவே இல்லை.

சின்னக் கதவை ஏன் மூடினீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். மேற்பார்வையாளர்தான் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கழிப்பறை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெண்கள் அடிக்கடி எழுந்து போகிறார்கள் என்று ஒரு வருடத்துக்கு முன் கதவுக்கு இரும்புப் பட்டை போட்டு மூடிவிட்டார்கள். யார் போகிறார்கள், எத்தனை தடவை போகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காக அவருடைய மேசையைத் திரைக்கு எதிரே போட்டு, நடைபாதையையும் அந்தப் பக்கம் வளைத்தார்கள். விபத்து நடந்த அன்று இரவே பட்டையைக் கழற்றி, வளைவைச் சுரண்டி, நேர்கோடு போடச் சொன்னார்கள். கதவைத் திறந்து பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

"பாதி நாள் டாய்லெட்லயே போயிட்டா நான் எப்படிம்மா கம்பெனி நடத்துறது?" என்றார் மேனேஜர். இன்னும் தன் பக்கம் நியாயம் இருப்பதாகவே அவர் நம்பினார் என்பது குரலில் தெரிந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் கொழுந்தனார் கத்தியிருப்பார். அன்று கத்த வரவில்லை. கேமராவைக் கீழே இறக்கி, அதன் மூடியை மாட்டினார்.

"நீங்க உங்க சீட்ட விட்டு எழுந்தா எத்தன அடி சார் நடக்கணும்?" என்று கேட்டார். "யாராவது மேசை போட்டு உக்காந்து உங்கள எண்ணுறாங்களா?"

மேனேஜரின் கண் தன் அறைப் பக்கம் போய்த் திரும்பியது.

ஆய்வாளரின் அறிக்கையும் கொழுந்தனாரின் படங்களும் அரசு விசாரணைக்குப் போயின. ஓட்டுநர் தான் கண்டதைத் தன் சொந்த வார்த்தைகளில் எழுதிக் கையெழுத்திட்டார். மேற்பார்வையாளரும் சாட்சி சொன்னார். விபத்து நடந்த நாளிலிருந்தே தூக்கம் கெட்டதாக அழுதாராம். அதைக் கேட்டும் கொழுந்தனாருக்கு இரக்கம் வரவில்லை. கம்பெனி மேனேஜரைக் கழற்றிவிட்டு, எல்லாம் அந்த ஒரு மனிதரின் தவறு என்று கை கழுவப் பார்த்தது. ஆய்வாளர் விடவில்லை. ஒரு வருடமாக அந்த வழியாக வந்து போன பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் கண் இருந்ததல்லவா என்று விசாரணையில் கேட்டார். வழக்கு கம்பெனியின் மேலேயே பதிவானது. அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கியதும் ரத்தானது.

அவருக்கு நினைவு தெளிந்துவிட்டது என்று தெரிந்ததும் மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். காலில் இரும்புக் கம்பிகள் பொருத்திப் படுத்திருந்தார். இனி ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது கஷ்டம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பக்கத்தில் அவருடைய கணவர். கம்பெனி ஆட்கள் வந்து நேர்கோட்டின் படத்தைக் காட்டிப் பேசிவிட்டுப் போனதிலிருந்து, அவளுக்கு எப்போதும் அவசரம்தான் என்று அவரே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அருகே போகத் தயங்கினார். ஆய்வாளர் குனிந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்.

"நீங்க கோட்ட விட்டு எறங்கலம்மா. நிரூபிச்சாச்சு," என்று முடித்தார்.

அந்தப் பெண் அழுவார் என்று கொழுந்தனார் எதிர்பார்த்தார். அவர் அழவில்லை. வறண்ட உதடுகளை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார்.

"அது எனக்குத் தெரியும்மா," என்றார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். "தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க."